ஒன்பதாவது படத்தில் கேட்ட குரல்

கலைக்குழுவில் அவருக்குப் பெயரே 'ஃபியூஸ்' அண்ணன்தான். தொழில் எலெக்ட்ரீஷியன். குழு ஆண்டுதோறும் நடத்தும் குறும்படப் போட்டிக்குப் புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் பதினோரு வருடமாக அவர் பொறுப்பு. வேலைக்குப் போகிற வீட்டில், கருவிப்பெட்டியைத் திறப்பதற்குள் ஒரு ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். "தங்கமான மனுஷன்" என்று வாய் நிறையச் சொல்வார்கள். அவரும் அதை மனதார நம்பியிருந்தார்.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவர் மனைவி போட்டிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருடம் மகளோடு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அதிசயம்! இன்னைக்கு மழை கொட்டப் போவுது" என்றார்.

எந்தப் படத்தை யார் எடுத்தது என்பதை ஓடி முடிந்த பிறகுதான் அறிவிப்பார்கள். ஒன்பதாவது படம். ஒரு சமையலறை. முகம் இல்லை, வெங்காயம் உரிக்கும் இரண்டு கைகள் மட்டும். பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆணின் பேச்சு லேசாகக் கேட்டது.

"சத்தம் பத்தல, ஃபியூஸ் அண்ணே!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். ஃபியூஸ் அண்ணன் கூட்டி வைத்தார்.

"மண்டையில களிமண்ணா இருக்கு? உங்கிட்ட சொல்றதுக்குச் செவுத்துகிட்ட சொல்லலாம்!"

கூட்டம் சிரித்தது. யாரோ ஒரு சிடுமூஞ்சி, பாவம் அந்தப் பொம்பளை என்று நினைத்து அவரும் சிரித்தார். திரையில் காய்கள் மாறின, ஜன்னல் வெளிச்சம் மாறியது, நாட்கள் மாறின. குரல் மட்டும் மாறவில்லை. "நீயெல்லாம் எதுக்குத்தான் லாயக்கு?" கைகள் நிற்காமல் வேலை செய்தன.

அப்போதுதான் குழாய்க்கு மேலே, உடைந்த சுவிட்சில் கறுப்பு டேப் சுற்றியிருப்பதைப் பார்த்தார். தன் வீட்டுச் சமையலறையில் அவரே சுற்றியது.

சிரிப்பு அடங்கி ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். ஃபியூஸ் அண்ணனின் கை புரொஜெக்டர் பிளக்கை நோக்கிப் போனது. கரண்ட் போய்விட்டது என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மனைவி திரும்பவே இல்லை. மகள் மட்டும் திரும்பி, இமைக்காமல் அவரையே பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டார்.

படம் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. குழுத் தலைவி மைக்கைப் பிடித்தார். "இத எடுத்தவங்க கொஞ்சம் எழுந்திருங்க."

மனைவி எழுந்தாள். "நாந்தான். பொண்ணோட போன்ல எடுத்தேன்."

"கூட நடிச்சவரு?"

"யாரும் நடிக்கல."

மீதி மூன்று படங்களையும் அவர்தான் ஓட்டினார். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. மனைவிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "எப்பவுமே நான் அப்படியா பேசுறேன்?" என்று கேட்டார்.

"நாலு மாசம் எடுத்தேன். பாதிக்கு மேல வெட்டிட்டேன்."

"ஏன்?"

"என்னாலயே கேக்க முடியல" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

ஒரு வாரமாக வீட்டில் அவர் குரலே இல்லை. "அம்மா மேல கோவமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. வாயத் தொறக்கவே பயமா இருக்கு" என்றார்.