காலைச் சுற்றும் குட்டிம்மா

எங்கள் பூனை குட்டிம்மா, நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் காலைச் சுற்றிச் சுற்றி வந்து உரசும். பசிக்குத்தான் இந்தக் கொஞ்சல் என்று நினைத்து, "இருடி, சோறு ஆக்க வாணாமா?" என்று திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அன்று வடக்கனந்தல் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போய்விட்டு, கூலியோடு கொடுத்த கிழங்கைக் கொண்டுவந்து வேகவைத்தேன். தண்ணீரை வடிக்கப் பாத்திரத்தைத் தூக்கியபோது குட்டிம்மா என் கால்களுக்கு நடுவில் புகுந்தது. தடுமாறிவிட்டேன். கொதிக்கிற தண்ணீர் அதற்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது. நல்லவேளை, என் மேலும் படவில்லை. பயத்தில் நான் போட்ட கூச்சலில் அது கட்டிலுக்கு அடியில் ஓடிப் பதுங்கிக்கொண்டது.

தரையைத் துடைக்கும்போதுதான் அதன் தட்டைப் பார்த்தேன். என் கணவர் வைத்த மீன் சோறு அப்படியே இருந்தது. பசியில்லாமல் எதற்குக் காலைச் சுற்றியது? நான் வீட்டிலேயே இருக்கும் நாட்களில் அது இப்படிச் செய்வதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. காலையில் போனவள் திரும்பி வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் அதற்கு!

இப்போதெல்லாம் வந்ததும் பையை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். அது தலையால் முட்டி, முதுகைத் தேய்த்து, ஆசை தீர்ந்ததும் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகே அடுப்பைப் பற்றவைப்பேன்.

"வந்ததும் வராததுமா இன்னா இங்க குந்திக்கினு கீற?" என்று கிண்டல் செய்த என் கணவர், நேற்று கொல்லையில் வேலை முடிந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி குந்து. என்னையும் விசாரிக்குதா பாப்போம்."