அன்று என் கை எழவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, குவைத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. நான் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் ஏசி டெக்னீஷியன். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். அன்று கிடைத்தது. ஐந்து வயது மகள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்குக் கிளம்பினோம்.

அமெரிக்கப் பாணிக் கடை. எல்லாமே பெரிய பெரிய தட்டு. பூண்டு ரொட்டி கேட்கக் கேட்கச் சுடச்சுட வந்தது. ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் கணவர் பட்ட பாட்டைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வாய் நிறைய இறைச்சி உருண்டை. திடீரென்று சிரிப்பு நின்றது.

இருமல் இல்லை, அழுகை இல்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"மக்ளே, தண்ணி குடி, தண்ணி குடி!" என்று கணவர் தம்ளரை நீட்டினார். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். வார்டில் செய்தும் இருக்கிறேன். ஆனால் என் கை எழவில்லை. "வேண்டாம்" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

பக்கத்து மேசையில் பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குவைத்திப் பெண் எழுந்து வந்தார். தம்ளரைத் தள்ளிவிட்டு, மகளைத் தன் கையின் மேல் குனிய வைத்து, முதுகில் ஓங்கித் தட்டினார். நாலைந்து தட்டு இருக்கும். இறைச்சித் துண்டு தரையில் வந்து விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

"கலாஸ், ஹபீப்தி, கலாஸ்" என்று அரபியில், எல்லாம் முடிந்தது கண்ணே எனத் தேற்றி, மகள் தலையைத் தடவி என் மடியில் உட்கார வைத்தார்.

நான் நர்ஸ் என்பதை அவரிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் அழுகையோடு சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் மேசையில் இருந்த பையனைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவனுக்கு ஒரு முறை இப்படி ஆச்சு. நானும் உன்னை மாதிரி அசையாம நின்னேன். வேற யாரோதான் காப்பாத்தினாங்க. அப்புறம்தான் போய்க் கத்துக்கிட்டேன்."

காரில் திரும்பும்போது மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். சிக்னலில் நின்றபோது கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடிவரும் அம்மாக்கள் சிலர், கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் விறைத்து நிற்பார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. அன்று எனக்காக ஒருவர் எழுந்து வந்தார். இங்கே எழுந்து போவது என் முறை என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் கையிலிருந்து குழந்தையை வாங்குகிறேன்.