வெறும் வயிறு

எண்பதுகளில் திருத்தணியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. கொலஸ்டிரால் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து மாதாமாதம் ஒரு விசைத்தறிக்காரர் வருவார். பருத்த உடம்பு; புருவத்தில் எப்போதும் நூல் தூசி. ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை, நான் போதும் என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக வந்தபோதும் வழக்கம்போலக் கேட்டேன். "வெறும் வயித்தோடதானே வந்தீங்க?"

"ஆங், ரெண்டு நாளாவே வெறும் வயிறுதாங்க. சோத்தப் பாத்தாலே அழுகை வந்துகினு இருக்குது. கொழுப்புக்கும் இதுக்கும் சம்மந்தம் இருக்குமாங்க?"

ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்தேன். சீட்டில் 'வெறும் வயிறு' என்று மட்டும் எழுதினேன். அழுகையை எழுத அதில் இடமில்லை.

மத்தியானம் கதவைப் பூட்ட வந்தேன். பெஞ்சில் பஞ்சை அழுத்தியபடியே இருந்தார். போதும் என்று சொல்ல மறந்துபோயிருந்தேன்.