மணி அடிக்காத பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை. வியாழன் மாலையோடு கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஆண்டவர் உயிர்க்கும் பாஸ்கு வரைக்கும் கைப்பிடி வைத்த மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் முழந்தாளிட வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஒரு ஊரே இதை மறந்துபோனதால்தான் என் மாமியின் தாடை உடைந்தது.

சண்டை முடிந்து, மீள்குடியேற்றத்தில் வங்காலைக்குத் தெற்கே எங்கள் கரைக்குத் திரும்பியபோது, மாமியின் குடும்பம் பரம்பரையாகக் கரைவலை இழுத்த கரைத்துண்டு, எங்கள் பேச்சில் பாடு, படை முகாமின் முள்வேலிக்குள் கிடந்தது. வலை இருந்தது, கடல் இருந்தது, நடுவில் துவக்கோடு சிப்பாய் ஒருவன் நின்றான். கூடிப் பேசி மனுக் கொடுப்போம் என்றால், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆட்களைக் கூப்பிடவே முகாமில் சொல்ல வேண்டிய காலம் அது. எங்கள் பங்குச் சுவாமி கிழக்கு ஆபிரிக்க நாடொன்றில் நெடுங்காலம் பணிசெய்துவிட்டு வந்தவர். அங்கேயும் தேர்தல் திருவிழாப்போல நடக்குமாம். ஆனால் நாலுபேர் மரத்தடியில் கூடிக் கதைத்தால் பொலிஸ் தடியோடு வந்து நிற்குமாம். மாமி சிரித்தார்.

"அப்ப அதுவும் எங்கட நாடுதான், சுவாமி. வோட்டுப் போட விடுவாங்கள், வாய் திறக்க விடமாட்டாங்கள்."

பெரிய வெள்ளியில் கூட்டம் வைப்பது மாமியின் யோசனை. சிலுவைப்பாதைக்குச் சனம் கூடுவதை யார் தடுப்பது? முகாம் லொறி வருவது தெரிந்தால் கோயில் மணியை அடிப்பது, உடனே எல்லாரும் கலைந்துவிடுவது என்று பேசிக்கொண்டோம். சுவாமி உட்பட அத்தனை பேரும் தலையாட்டினோம்.

லொறி வந்தது. மணியடிக்கும் கிழவரின் கை கயிறுவரை போய் நின்றுவிட்டது. ஆண்டவர் இறந்துகிடக்கும் நாளில் மணியைத் தொட அந்த மனிதரால் முடியவில்லை. பதறிப்போய் மரக்கட்டையை எடுத்துத் தட்டோ தட்டென்று தட்டினார். கோயில் வளவில் பேசிக்கொண்டிருந்த சனம் பேச்சை நிறுத்தி, பழக்கதோஷத்தில் அப்படியே மணலில் முழந்தாளிட்டது.

முழந்தாளில் இருப்பவர்களை அடிப்பது சுலபம். பொல்லுகள் முதுகிலும் பிடரியிலும் இறங்கின. பெண்களைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். மாமி எழும்பி நின்று, "இது எங்கட கோயில், எங்கட கரை" என்றார். துவக்குப்பிடி அவர் வாயில் விழுந்த சத்தம், சோறு மெல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கேட்கும். பல்லும் இரத்தமும் மணலில் சிந்தின. ஒருவன் சப்பாத்துக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினான். அவனை நான் இன்னும் வெறுக்கிறேன். மன்னிக்கச் சொல்லும் பிரசங்கங்களின்போது எழும்பி வெளியே போயிருக்கிறேன்.

ஊர் மணியடிப்பவரை ஏசித் தீர்த்தது. கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு மாமி சொன்னார்: "அந்த மனுசனை விடுங்கோ. நாங்கள் எல்லாரும்தானே மறந்தனாங்கள்."

வேலி இன்னும் அங்கேதான் நிற்கிறது. போன பெரிய வெள்ளியிலும் மரக்கட்டையைத் தட்டினார்கள், சனமெல்லாம் முழந்தாளிட்டது. மாமி மட்டும் கோணிப்போன தாடையை நிமிர்த்திக்கொண்டு எழும்பி நின்றார். புதிதாக வந்த இளம் சுவாமி, முழங்கால் வருத்தமாக்கும் என்று நினைத்து, இருக்கக் கதிரையொன்று கொண்டுவரச் சொன்னார். மாமி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, நின்றபடியே நின்றார்.