நம்மாளும் நைனாவின் வலது கையும்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போனால் தியேட்டருக்குள் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும். முந்தின இரவு துப்பிவைத்த பான் கறையை அப்போதுதான் கழுவிவிட்டிருப்பார்கள், செருப்புக்கடியில் ஈரம் சதசதக்கும். ஹைதராபாத்தில் தமிழ்ப் படம் என்றால் எங்கள் சிறு வயதில் அந்த ஒரு காட்சிதான், அது முடிந்ததும் தெலுங்குப் படத்துக்காரர்களுக்குத் தியேட்டரை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதற்காக நாச்சாரத்திலிருந்து விடியலிலேயே தலைக்குக் குளித்து, இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி கூட்டமாகப் பஸ் ஏறுவோம்.

நாங்கள் போவது கதாநாயகனைப் பார்க்க அல்ல, "நம்மாளை"ப் பார்க்க. அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் யாரது என்பீர்கள், முகத்தைக் காட்டினால் அட இவரா என்பீர்கள், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த மனிதரின் காலமே கழிந்தது. ஏட்டு, தபால்காரர், பெண்ணின் தகப்பன், இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகும் சித்தப்பா என்று என்ன கொடுத்தாலும் செய்வார். ஒரு படத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போன காபியை, மகள் பார்க்காத நேரமாக எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். வசனமே கிடையாது. ஆனால் என் அம்மா அந்தக் காட்சிக்கு அழுத அழுகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம், ஆம்பூர்ப் பக்கத்து வழக்கம். நைனா நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை செய்தார். நான் ஆறாவது படிக்கும்போது அந்த இயந்திரம் அவர் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு கேட்டில் காவலுக்கு உட்கார்த்திவைத்தார்கள். கை ஆறிவிட்டது, மனிதர் ஆறவில்லை. வெளியே போனால் அந்தக் கை பேண்ட் பைக்குள் இருக்கும், வீட்டில் துண்டுக்குள் இருக்கும். கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினார். இடது கையால் சாப்பிடுவதை நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். நானும் என் தம்பியும் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவோம். அந்தச் சாப்பாடு யாருக்கும் உடம்பில் ஒட்டியதில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. நம்மாளுக்கு அதில் மரம் அறுக்கும் பட்டறைத் தொழிலாளி வேடம், வாளில் விரல்கள் போய்விடும். மகன் வக்கீலாகி நியாயம் கேட்பான், கதாநாயகன் அவன்தான். நைனா வரமாட்டேன் என்றவர்தான். பக்கத்து வீட்டு கபூர் மாமா, வாணியம்பாடிக்காரர், ரயில்வே பட்டறையில் வேலை, அவர்தான் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டி வந்தார். படத்தில் ஒரு இடத்தில் யாரோ தண்ணீர் டம்ளரை நீட்டுவார்கள். நம்மாளின் வலது கை பழக்கத்தில் முன்னால் போகும், பாதியில் நிற்கும், அங்கேயே கொஞ்ச நேரம் தவிக்கும், பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பும். இடது கை வந்து வாங்கும். அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் நைனா "ஐயோ" என்றார். இருட்டில் கபூர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், இவன் என் கைய எங்கியோ பாத்துகினு போய்க்கிறான்டா" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் தட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். இடது கையால்தான் சாப்பிட்டார், வலது கை துண்டுக்குள்தான் இருந்தது. இருந்தாலும் வந்து உட்கார்ந்தாரே! அம்மா பரிமாற வந்தவள் சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அதிலிருந்து நைனாவுக்கு ஒரே பேச்சு. அந்த வருஷம் "பெரிய பரிசு" நம்மாளுக்குத்தான். கேட்டில் கையெழுத்துப் போட வருகிறவர்களிடமும் சொன்னார், டீக்கடையில் தமிழ் தெரியாதவர்களிடமும் சொன்னார். "அவங்கல்லாம் படிச்சவங்கோ, உக்காந்து பாத்துத்தான் குடுப்பாங்கோ, கண்ணுக்குத் தெரியாமயா பூடும்?" என்பார். கபூர் மாமா "ஹவ் அண்ணா, ஹவ்" என்று தலையாட்டுவார். தெரியாத யாரோ நாலு பேர் எங்கோ உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்து, இது சாமானியமில்லை என்று சொல்லப்போகிறார்கள் என்று நைனா உயிரை வைத்துக் காத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் யாதகிரி சைக்கிளில் வந்து, "மீ அரவ சினிமாகி அவார்டு ஒச்சிந்தி அன்னா, ஆக்டர்கி கூடா!" என்று வாசலிலிருந்தே கத்தினார். எங்கள் தமிழ்ப் படத்துக்கும் பரிசு, நடிகருக்கும் பரிசு. டீக்கடை ரேடியோவில் கேட்டாராம். எந்த நடிகர் என்று யாதகிரிக்கும் தெரியாது, எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்களுக்கு அந்தப் படத்தில் நடிகர் என்றால் ஒருத்தர்தான். தமிழ்ப் பேப்பர் ரயிலில் ஏறி மறுநாள்தான் வந்து சேரும், அதுவரை பொறுக்க யாரால் முடியும்! கபூர் மாமா ஜாங்கிரி வாங்கி வந்தார், பையன்கள் பட்டாசு வெடித்தார்கள், தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் கூடின, நைனாவே படத்தில் நடித்தது மாதிரி.

யாரோ சந்தோஷத்தில் கையை நீட்டினார்கள். நைனா வலது கையைக் கொடுத்தார். துண்டு கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையாலேயே ஜாங்கிரி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் கேட் வேலைக்குப் போனபோது கை பைக்குள் இல்லை, வீசிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடம் போகாமல் தெருமுனை வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று மாலை கபூர் மாமா பேப்பரோடு வந்தார். முகமே சரியில்லை. முதல் பக்கத்தில் கறுப்பு அங்கியில் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருந்தான், நீதிமன்றத்தில் அவன் கத்திய கத்தலுக்குப் பரிசு. துணை நடிகர் பரிசும் வேறு எந்தப் படத்திலோ யாருக்கோ போயிருந்தது. நம்மாளின் பெயர் அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. நைனா மேலிருந்து கீழே படித்தார், மறுபடி படித்தார். "வெரலு போனவன் கததானடா அது? அவன் எங்கடா இதுல?" என்றார். "நக்கோ அண்ணா, வேணாம், உடு" என்று மாமா தோளைத் தொட்டார். நைனா எழுந்துபோய் கொடியிலிருந்து துண்டை எடுத்தார். ராத்திரி அம்மா எங்களோடு போட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிறகு சாகும்வரை கூடத்தில் சாப்பிடவேயில்லை.

உண்மையான கலைஞனுக்கு விருதெல்லாம் ஒரு பொருட்டா என்று மேடையில் பேசுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும். அவருக்குப் பொருட்டில்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பொருட்டாக இருந்தது. கத்துவதற்குக் கொடுக்கிறீர்கள், ஒட்டுத்தாடிக்கும் உடம்பை இளைக்கவைத்ததற்கும் கொடுக்கிறீர்கள், ஒரு கை பாதியில் நின்று திரும்பியதை உங்களில் ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை?

இன்று அந்தத் தியேட்டர் இல்லை, அங்கே ஒரு துணிக்கடை எழும்பிவிட்டது. நான் ஹப்சிகுடாவில் இருக்கிறேன், உப்பல் மாலில் தமிழ்ப் படம் ராத்திரிக் காட்சி வரை ஓடுகிறது. கபூர் மாமாவும் போய்விட்டார். சென்ற வருஷம் நம்மாளும் இறந்தார். மாபெரும் கலைஞன் என்று எல்லாச் சேனலும் ஓலமிட்டன, பட்டறைக்காரராக அவர் நிற்கும் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தன. "ஹூ இஸ் திஸ் அங்கிள், மம்மி?" என்றான் என் மகன். பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எழுந்துபோய்ப் பழைய ஆல்பத்தை எடுத்து வந்தேன்.

நைனாவின் புகைப்படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. விபத்துக்குப் பிறகு எடுத்த எல்லாவற்றிலும் வலது கை பைக்குள் இருக்கிறது, இல்லாவிட்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஜாங்கிரி கொடுத்த அந்தச் சாயங்காலம் கபூர் மாமாவிடம் கேமரா இருந்தது, அதில் ஃபிலிமும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நைனா இனிமேல் எப்போதும் இப்படித்தான் இருக்கப்போகிறார் என்று நினைத்துவிட்டோம்.