கூரைமேல் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை

என் கணவர் வேலைக்காலம் முழுவதையும் டீசல் பவர் ஹவுஸில் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆக்சிஜன் தரும் மெஷின் ஒன்றை வீட்டிலேயே வைக்கச் சொன்னார் டாக்டர். அது கரண்டில் ஓடுவது. இந்தத் தீவில், எங்கள் ஷாதிபூர் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் ஓடிப்போய் சிலிண்டரைத் திறக்க வேண்டும்.

கூரையில் சோலார் வைக்க அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். பார்வையிட வந்த அதிகாரி ஏணியில் ஏறினார்.

"ஆன்ட்டி, பூரா ஜங் லக் கயா" என்று இந்தியில் சொல்லி, முழுக்கத் துருப்பிடித்த தகரத்தை விரலால் அழுத்திக் காட்டினார். கடற்காற்று வேலையைக் காட்டியிருந்தது. பேனலின் எடையை அது தாங்காதாம். முதலில் கூரையை மாற்ற வேண்டும்.

கூரை மாற்றவும் மானியம் கிடைக்குமா என்று கேட்டேன். பேனலுக்கு மட்டும்தான் என்றார்.

கையிலிருந்த சேமிப்பைப் போட்டுக் கூரையை மாற்றினோம். வெள்ளைத் தகரம், அதற்கு அடியில் சூட்டைத் தடுக்க ஒரு நுரைப் பலகை. பிறகு பேனலுக்குக் காத்திருந்தோம். மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கடல் சரியில்லை என்றார்கள், பிறகு மீட்டர் வரவில்லை என்றார்கள். எதைக் கேட்டாலும் "ஷிப் வரட்டும்" என்பதுதான் பதில். ஆபீஸ் படியேறி ஏறி எனக்குக் கோபம்கூட வராமல் போய்விட்டது.

ஒருவழியாகப் பேனல் ஏறியது. சில நாள் கழித்து, உச்சி வெயிலில், நான் குழம்பு தாளிக்கும்போது மின்விசிறி நின்றது. மெஷின் கத்தத் தொடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, அவருக்கு சிலிண்டரை மாட்டினேன். பிறகு பேனல் பொருத்திய, ஜங்லிகாட் பகுதியில் இருக்கும் தமிழருக்குப் போன் செய்தேன்.

"லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுடும் அக்கா. அப்படித்தான் செட் பண்ணியிருக்கு."

"வெயில் கொளுத்துதே தம்பி!"

"பேட்டரி இருந்தாத்தான் ஓடும். அது மானியத்துல வராது."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"பில் குறையணும்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன் அக்கா. எல்லாரும் அதுக்குத்தான் போடுறாங்க."

அவர்மேல் தப்பில்லை. எதற்காக வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கட்டிலருகே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் முகத்திலிருந்த மாஸ்கை லேசாக விலக்கினார்.

"நிக்கறதுதான் சரி. நம்ம வீட்டுக் கரண்ட் லைனுக்குப் போச்சுன்னா, கம்பத்துல ஏறி வேலை செய்யறவன் செத்துடுவான்."

"அப்ப நீங்க?"

அவர் மாஸ்கை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பேட்டரிக்கு இன்னொரு காத்திருப்பு. அதுவும் கப்பலில்தான் வந்தது. இப்போது கரண்ட் போனாலும் மெஷின் நிற்பதில்லை. பேட்டரி வந்த அன்று சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, தூக்கம்தான் வந்தது.

மானியம் இல்லாத அந்தக் கூரைதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் மதியத்தில் அறை கொதிக்கும். கட்டிலில் புரண்டுகொண்டே இருப்பார். இப்போது சாப்பிட்டதும் கண்ணயர்கிறார். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா சோலாரைப் பற்றி விசாரிக்க வந்தால், இவர் தூக்கம் கலையாதபடி வாசலில் நின்றே பேசுகிறேன்.