பட்டன் போட்டாச்சா?

எங்கள் கிளப்பில் இதுவரை யாருடைய விமானமும் ஓட்டியவரின் தவறால் விழுந்ததில்லை. காற்று தள்ளியிருக்கிறது, பேட்டரி காலை வாரியிருக்கிறது, காக்கா குறுக்கே வந்திருக்கிறது. ஒன்றும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது, “சிக்னல் போச்சு.” பாவம் சிக்னல், அது எந்தக் காலத்தில் வாய் திறந்து மறுத்துப் பேசியிருக்கிறது?

விமானம் என்றதும் மீனம்பாக்கம் வரை போக வேண்டாம். இவை பால்சா என்ற லேசான கட்டையில் கட்டி, குட்டி மோட்டார் வைத்து, தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்டும் விமானங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கமிருந்து நாலைந்து கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும். ஊருக்குள் பறக்கவிடக் கூடாதாம். அதனால் மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு பொட்டல்தான் எங்கள் விமான நிலையம். கடல்காற்று கிளம்புகிற வரை பறத்தல், பிறகு மயிலாப்பூர் திரும்பி டிபன். யார் விமானம் விழுந்ததோ அவர்தான் டிபன் வாங்கித் தர வேண்டும். இதுவரை சிக்னல் பர்ஸைத் திறந்ததில்லை.

நான் இந்தக் கிளப்பில் சேர்ந்தவள் இல்லை. டிரைவராக வந்தவள். என் கணவருக்குக் கைநடுக்கம் வந்து, கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான் எவ்வளவோ ஜாடை காட்டியும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கார்ச்சாவி என் கையில்.

அதற்கு முன்பும் இந்தப் பறக்கும் குலத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. விமானச் சிறகின் மேல் கலர் கலராக ஒரு மெல்லிய தாள் ஒட்டுவார்கள். அதை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே இஸ்திரிப்பெட்டி. ஒரு கல்யாணத்துக்கு என் பட்டுப்புடவை முந்தானையில் சிவப்பாக ஒரு திட்டோடு போய் நின்றேன். கேட்டவர்களிடம் புது டிசைன் என்றேன். ஒருத்தி எந்தக் கடை என்று வேறு கேட்டாள்.

நடுக்கம் வந்த பிறகு இவர் ஓட்டுவதை விட்டுவிட்டார். குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்வார். கிளப்பில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர். அதனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

ஆனால் வீட்டில் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு மஞ்சள் விமானம் மெல்ல மெல்ல முளைத்தது. ஒரு குச்சியை ஒட்ட ஒரு சாயங்காலம். பசை விரலில் ஒட்டும், குச்சி மேஜையில் ஒட்டும், விமானத்தில் மட்டும் ஒட்டாது. நான் உதவ வந்தால், “நீ காஃபி போடு, போறும்” என்பார். அந்த வருஷ நவராத்திரிக்கு எங்காத்துக் கொலுவில் மேல்படிப் பெருமாளுக்குப் பக்கத்தில் சிறகு காய்ந்துகொண்டிருந்தது. வந்த மாமிகள் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானத்தைக் கட்டியவர்தான் முதல்தடவை பறக்கவிட வேண்டும். இவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். மஞ்சள் விமானத்தைத் தன் கையால் ஒரு தடவை மேலே ஏற்றி, முழுசாகக் கீழே இறக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்.

மஞ்சள் விமானம் முதல்தடவை பறக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் போய் இறங்கியதும் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தி. நகர் ஆடிட்டர். கிளப்பில் எது நல்லபடியாக நடந்தாலும் தன்னால் நடந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

“மேடம், கவலையே படாதீங்க. நான் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்” என்றார்.

ஏற்பாடு இதுதான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக இரண்டு ரிமோட்டுகளை இணைத்து வைப்பார்கள். முதல் ரிமோட்டில் ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டால் விமானம் இரண்டாவது ரிமோட்டின் பேச்சைக் கேட்கும், எடுத்தால் முதல் ரிமோட்டின் பேச்சை. ‘சிக்னல் பார்க்கிறேன்’ என்று போன வாரமே இவருடைய ரிமோட்டை வாங்கி, அதை முதலாவதாகவும் தன்னுடையதை இரண்டாவதாகவும் இணைத்துவிட்டாராம். இவரைப் பட்டனைப் போடச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று தான் ஓட்டப்போகிறாராம். இவருக்குத் தெரியவே தெரியாதாம்.

“அவர் ஓட்டினதாவே நினைச்சுப்பார். நமக்கும் பிளேன் பத்திரம்” என்றார். அந்தப் பட்டனை வைத்துச் செயலாளருக்கே கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் தேங்காய் வந்துவிட்டது.

தேங்காய் கொண்டுவந்தவர் ஊரூர் குப்பத்துக்காரர். படகு இன்ஜின் மெக்கானிக். கிளப்பிலேயே பெரிய விமானம் அவருடையதுதான். உடைத்துவிட்டுச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“இன்னா சார் இது, சக்கரத்த விட பழம் பெருசா கீது! எங்கேந்து நசுக்கிக்கினு போவும்?”

செயலாளர் உடனே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, விமானத்தின் சார்பில் தானே பழத்தை மிதித்தார். ஷூவெல்லாம் சாறு.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ரிமோட்டின் வாரைக் கழுத்தில் நான்தான் மாட்டிவிட்டேன். கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கியது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டாக்டர் மேலா, அந்த மஞ்சள் சனியன் மேலா, கடவுள் மேலா.

“சார், மேலே அந்தப் பட்டனைப் போட்டுக்குங்க. சிக்னல் ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றார் செயலாளர்.

இவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஓ, அப்படியா? போட்டாச்சு.”

விமானம் ஓடியது, துள்ளியது, எழும்பியது. சிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. “மேல காத்து இருக்கு” என்று யாரோ சொன்னார்கள். கீழே என் புடவைத் தலைப்பு அசையக்கூட இல்லை. இவருக்குப் பின்னால் செயலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். விமானம் ஆடி ஆடியே ஒரு பெரிய வட்டம் வந்தது, தாழ்ந்தது, ஒருதரம் தரையில் குதித்தது, நின்றது. முழுசாக நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். குப்பத்துக்காரர் விசில் அடித்தார். செயலாளர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி என் காதருகே வந்து, “எப்படி இறக்கினேன் பாத்தீங்களா?” என்றார்.

எதுவும் விழாததால் அன்று டிபனைச் செயலாளரே வாங்கிக்கொடுத்தார். சாதித்தவனுக்கு வரும் தாராளம். வாங்கித் தந்த உரிமையில் பொங்கல் சாப்பிட்டு முடிக்கும்வரை இவருடைய லேண்டிங்கைப் பற்றி இவருக்கே விளக்கினார். இவர் ஸ்பூனை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னார். “நான் பட்டனைப் போடலை.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

“அப்போ அவர்?”

“பாவம், பிளேன் திரும்பினப்புறம் அவன் திருப்பற சத்தம் பின்னாடி கேட்டுண்டிருந்தது. அவன்கிட்ட சொல்லிடாதே. ரொம்ப சந்தோஷமா இருக்கான்.”

“மேல காத்துன்னாளே?”

“என் கைதான். கை ஆடித்து, அதுவும் ஆடித்து.” விரித்த உள்ளங்கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். “ஒரு தடவை போறும். அடுத்த தடவை இது என்ன பண்ணுமோ. அந்தப் பிளேன் போயிடுத்துன்னா இன்னொண்ணு கட்ட என்னால முடியாது. அடுத்த வாரம் பட்டனைப் போட்டுடறேன். அவனே ஓட்டட்டும்.”

பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்து, கியரைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அதே பொட்டல், அதே நாற்காலி. “பட்டன் போட்டாச்சா சார்?” என்று செயலாளர் கேட்டார். “போட்டாச்சு” என்று இவர் சொன்னார். விரல் பட்டனைத் தேடித் தேடிப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மஞ்சள் விமானம் மேலே போனது. ஒரு துளி ஆட்டமில்லை. கோடு போட்டமாதிரி போய், கோடு போட்டமாதிரி திரும்பி, பூப்போல வந்து இறங்கியது. இவர் எதற்கும் வேலையில்லாத கட்டைவிரல்களை ரிமோட்டின் மேல் வைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

செயலாளர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருத்தமாகச் சொன்னார்: “என்னவோ தெரியலை மேடம். போன வாரம் மாதிரி வரலை.”